தோட்டத்து வாசல் வரை வந்த அரசாங்கம்

2020 பிப்ரவரி 24-ஆம் தேதி மகாதீர் பதவி விலகி மத்திய அரசு கலைந்தபோது, நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்தவர் கோலசிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சுல்கிப்ளி அகமட். மலேசியாவில் முதல் கோவிட் நோயாளிகள் கண்டறியப்பட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மார்ச் 1-ஆம் தேதி முகிதின் யாசின் பிரதமரானார். புதிய அமைச்சரவை பதவியேற்றதோ மார்ச் 10-ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டு வாரங்கள் சுகாதார அமைச்சுக்கு அமைச்சரே இல்லை. கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடிய சமய மாநாடு நடந்ததும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான். மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது.

பதவி போன அமைச்சரைச் சிலாங்கூர் மாநில அரசு வீட்டில் உட்காரவிடவில்லை. மந்திரி பெசார் அமிருடின் சாரி, மாநிலத்தின் கோவிட் சிறப்புப் பணிக்குழுவுக்கு அவரையே தலைவராக்கினார். நல்ல முடிவு. ஆனால் அதோடு ஒரு சிக்கலும் வந்தது. மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் ஒரு கூட்டணி; மாநில அரசு இருக்கும் ஷா ஆலாமில் அதன் எதிரணி. மருத்துவமனை, பரிசோதனைக்கூடம், மாவட்டச் சுகாதார அதிகாரி எல்லாம் மத்திய அரசின் கையில். நிலம், நகராட்சி, மாவட்ட சபை, கிராமத் தலைவர்கள் எல்லாம் மாநிலத்தின் கையில். யாருக்குத் தொற்று, எந்தத் தெருவில் தொற்று என்ற விவரம் ஒருவரிடம்; அந்தத் தெருவுக்கு அரிசி கொண்டுபோக ஆள் இருப்பது இன்னொருவரிடம்.

இந்த இரண்டு அரசுகளின் கையும் எட்டாத மூன்றாவது ஓர் இடம் வட சிலாங்கூரில் இருக்கிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (நம் மக்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்), அப்பால் உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் என்று விரியும் செம்பனைத் தோட்டங்கள். தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதை பிரியும் இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி, ஒரு காவலாளி, கம்பெனியின் பெயர்ப் பலகை. அதற்கு உள்ளே இருப்பது தனியார் நிலம். உள்ளே வாழும் மனிதர்களின் குடிநீர், வீடு, சாக்கடை, மருந்து எல்லாவற்றுக்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. அரசாங்கம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாசல் வரை வந்து நிற்கிறது.

கொள்ளைநோய்க் காலத்தில் அரசும் சமூகமும் கைகோக்க வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் கைகோக்க இரண்டு பக்கமும் கை வேண்டும். தோட்டத்து மக்களின் பக்கத்திலிருந்து நீளும் அந்தக் கை யாருடையது, அதற்கு எந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டிருக்கிறது என்பதே என் கேள்வி.

பெரட்டுக்களத்தில் கொய்னா

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தபோது, அந்த ஊரும் புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தன. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடித்தார், ஊரை ஒட்டிய காட்டை வெட்டச் செய்தார். கிள்ளான், துறைமுகம் இரண்டிலும் சேர்த்து 1901-இல் 582 மரணங்கள். அடுத்த ஆண்டு 144. உலகத்தின் மலேரியா ஒழிப்பு வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் எண்கள் இவை.

ஊரைக் காப்பாற்றியது எளிது, ஏனென்றால் ஊருக்குச் செலவழித்தது அரசாங்கம். தோட்டங்கள் வேறு கதை. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே கோலசிலாங்கூர் வரை கடலோரத் தாழ்நிலத்தில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று திறக்கப்பட்ட காலம் அது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாமிட்டுக் கப்பலேறிய நம் முன்னோர்கள்தான் காட்டை அழித்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், அதே சதுப்பின் ஓரத்தில் போட்ட லயங்களில் படுத்தார்கள். நிழல் படிந்த சதுப்புத் தண்ணீரில் பெருகும் ஒருவகை அனோபிலிஸ் கொசு தாழ்நிலத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பியது. லயத்தைச் சுற்றி அரை மைலுக்குக் காட்டை அழித்து நீரை வடித்தால் அது ஓடிவிடும் என்று வாட்சன் நிரூபித்தார். மலைப்பாங்கான தோட்டங்களிலோ காட்டை அழித்தால் காய்ச்சல் கூடியது. அங்கே நோய் பரப்பும் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். அதற்கு ஓடைகளில் எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது. ஒரே மருந்து எல்லா நிலத்துக்கும் ஆகாது என்று அந்த மனிதர் அன்றே கற்றுக்கொண்டார். இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும் என்பதால் உடனடிக் காப்பாகக் கொய்னா (குயினைன்) கொடுக்கப்பட்டது. விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போதே, வேலைக்குப் போகும் முன், வரிசையில் நிற்பவர்களின் வாயில்.

இதையும் ஒரு கூட்டுமுயற்சி என்றுதான் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அரசாங்க மருத்துவர், தோட்டத்துத் துரை, கோலாலம்பூரில் புதிதாக அமைந்த மருத்துவ ஆய்வுக் கழகம், 1911-இல் அமைக்கப்பட்ட மலேரியா ஆலோசனை வாரியம் என எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள். உண்மைதான். வாட்சனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அவர் காப்பாற்றிய உயிர்களில் என் போன்றவர்களின் பாட்டன் பாட்டிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பாருங்கள். 1907-இலேயே இந்தியக் குடியேற்ற நிதி உருவாகி, கப்பல் செலவை எல்லாத் தோட்டங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆள் இறந்தால் இன்னொரு ஆளைக் கொண்டுவரச் செலவு. கொத்துக் கொத்தாக இறந்தால் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதையே நிறுத்திவிடும் என்ற பயம். துரைமார் வாய்க்காலுக்குப் பணம் கொடுத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வாயைத் திறந்து கொய்னா விழுங்கியவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே அங்கேதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். இன்று மலேசியாவின் பெருஞ்செல்வமாக இருக்கும் பயிரின் பிறந்தகம் அது. நட்ட மறு ஆண்டு, 1918 அக்டோபரில், உலகைச் சூறையாடிய இன்ஃபுளுயன்சா மலாயாவின் துறைமுகங்களில் இறங்கித் தோட்டங்களுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் மலாயா முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நெருக்கியடித்த லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களிடையே சாவு கூடுதலாக இருந்தது. மலேரியாவுக்கு வாய்க்கால் வெட்டலாம். மூச்சில் பரவும் நோய்க்கு வீட்டைப் பெரிதாக்க வேண்டும், ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும், காய்ச்சல்காரனைக் கூலி வெட்டாமல் படுக்கவிட வேண்டும். இந்த மூன்றும் செலவு.

யார் செலவழிப்பது என்ற கேள்வி அடுத்த பத்தாண்டில் நேரடியாகவே மோதியது. 1920-களில் தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியாகப் பார்க்காமல், வட்டாரம் முழுமைக்கும் பொதுவான சுகாதார வாரியங்கள் வேண்டும் என்று சட்டமும் வந்தது. வாரியத்தின் செலவுக்குத் தோட்டங்கள் வரி கட்ட வேண்டும் என்றதும் துரைமார் சங்கங்கள் எதிர்த்தன. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சுகாதாரம் என்ற யோசனை அன்றே எழுந்து அன்றே விழுந்தது. அது நிலைத்திருந்தால் 2020-இல் நம் கையில் ஓர் ஏற்பாடு இருந்திருக்கும்.

டிரசர் இருந்த இடம்

வாரியம் போனாலும் ஓர் ஆள் மிஞ்சினார். தோட்டத்து டிரசர். காக்கி அரைக்கால் சட்டையும் சைக்கிளுமாக லயம் லயமாகப் போனவர். பிற்காலத்தில் எச்.ஏ. (மருத்துவமனை உதவியாளர்) என்று பெயர் மாறியது. அவர் டாக்டர் இல்லை, சம்பளம் கம்பெனியுடையது, கண்டிப்பான ஆள் என்று பலர் திட்டியும் இருப்பார்கள். ஆனால் யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு நீரிழிவு, எந்த வீட்டுக் கிழவி மருந்தை வாங்கிக் கூரையில் செருகிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். தடுப்பூசி போட அரசாங்க ஜீப் வந்தால் முன்னால் நடந்து போனவர் அவர்தான். கிராணி, மண்டோர், ஆயாக் கொட்டகை ஆயா, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், மாரியம்மன் கோயில் தலைவர் என்று இன்னும் சிலர். அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் அது இவர்கள் வாயில் தமிழாகி வீட்டுக்குள் போகும். வீட்டின் குறை இவர்கள் வாயில் ஏறித் துரையின் காதுக்குப் போகும். சில நேரம் போகாது. இருந்தாலும் வழி என்று ஒன்று இருந்தது.

அப்படிப்பட்ட தோட்டம் இப்போது இல்லை. சாலைகள் வந்தன, அரசுக் கிளினிக்குகள் வந்தன, தோட்ட மருத்துவமனைகள் ஒன்றொன்றாக மூடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்ததும் ஆள்தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. பூஞ்சாக் அலாம் போன்ற புதுநகரங்கள் எழுந்தன. நம் மக்களில் பலர் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். லயங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் குடியேறினார்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு, அவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். தோட்டத்தில் குடியிருந்தும் தோட்டத்தில் வேலை இல்லாதவர்கள். மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடியது தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். 245 வீடுகள் கட்டித் தரப்படும் என்ற அறிவிப்பு பெருந்தொற்று முடிந்த பிறகே வந்தது. தொற்றுக் காலம் முழுவதும் இப்படிப்பட்டவர்கள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்? கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லை, ஆகவே கம்பெனியின் கடமையில் இல்லை. கம்போங் இல்லை, கம்போங் தலைவர் இல்லை. தாமான் இல்லை, குடியிருப்போர் சங்கம் இல்லை.

வேப்பிலையும் வெள்ளைக் கொடியும்

நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது செம்பனைத் தொழில் அத்தியாவசியத் துறை என்று இயங்க அனுமதி பெற்றது. ஊரே வீட்டில் அடைந்திருக்கத் தோட்டத்து ஆள் குலை வெட்டப் போனார். தொற்று வரக்கூடும் என்று தெரிந்தே போனார். போகாவிட்டால் சம்பளம் இல்லை. வீட்டுக்கு ஒருவர் மட்டும், பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் வெளியே போகலாம் என்பது விதி. பட்டணத்தில் பத்து கிலோமீட்டருக்குள் பத்து பேரங்காடி இருக்கும். பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் வாழும் மூதாட்டிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அவருக்கு நீரிழிவு மாத்திரை தரும் கிளினிக் எங்கே, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பேரன் எங்கே? விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. எழுதும்போது அந்த மூதாட்டியை அறிந்த ஒருவர் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

வீடு என்ற பிரச்சினை அந்த ஆண்டு நவம்பரில் ஊரறிய வெடித்தது. காப்பாருக்குப் பக்கத்தில், கிள்ளான் மேருவில், டாப் கிளோவ் கையுறை நிறுவனத்தின் அந்நியத் தொழிலாளர் விடுதிகளில் பரவிய தொற்று, தெராத்தாய் என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய தொற்றுக் கொத்தானது. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் 1990-இலேயே இருந்தது. அது முதலில் எழுதப்பட்டதே தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும்தான். 2019-இல் திருத்தி, 2020 ஜூன் முதல் எல்லாத் தொழில்துறைகளுக்கும் விரித்தார்கள். அந்நியத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சட்டம் சொல்லும் தரத்தில் வீடு இல்லை என்று அப்போது மனிதவள அமைச்சராக இருந்த எம். சரவணனே வெளிப்படையாகச் சொன்னார். முப்பது ஆண்டுச் சட்டத்தின் நிலை அது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டு இதுதான் நடந்தது. தமிழகத்திலிருந்து போன கட்டுமானத் தொழிலாளர்கள் உட்பட விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த அரசு ஆண்டிறுதியில் கணக்கிட்டது. 1918-இல் லயத்தில் நடந்தது நூறாண்டு கழித்து விடுதியில் நடந்தது. காரணம் மாறவில்லை: ஓர் அறையில் அத்தனை பேர்.

2021-தான் கொடூரமான ஆண்டு. ஜனவரியில் அவசரநிலை. ஜூனில் மீண்டும் முழு முடக்கம். ஜூலைத் தொடக்கத்தில் சிலாங்கூரின் பெரும்பகுதிக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. கோலசிலாங்கூர்க்காரர்கள் நம்பியிருக்கும் பெரிய மருத்துவமனை சுங்கை பூலோ. 1930-இல் தொழுநோயாளிகளைத் தனித்து வைக்கத் திறந்த குடியிருப்பின் பக்கத்தில் எழுந்த அந்த மருத்துவமனை, கோவிட்டின் முதல் நாளிலிருந்தே தலைமை மருத்துவமனையாகப் பாரம் சுமந்தது. கிள்ளான் மருத்துவமனையில் கட்டில் போதாமல் கூடாரம் போட்டார்கள். மாநிலத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்ப்பலி. அந்த நாட்களில் வந்த ஒவ்வொரு சாவுச் செய்தியையும் எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. கோடித்துணி போர்த்த, வாய்க்கரிசி போட ஆளில்லாமல் எத்தனை பேரை அனுப்பிவைத்தோம்.

ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத்துணி கட்டுங்கள், அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சமூக ஊடகத்தில் எழுதியது நாடெங்கும் பற்றிக்கொண்டது. இது அரசைக் களங்கப்படுத்தும் வேலை என்று சில அரசியல்வாதிகள் கோபித்தார்கள். தோட்டத்து மக்களுக்கு இந்த முறை புதிதல்ல. வீட்டில் அம்மை கண்டால் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கூழும் இளநீரும் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். விலகி நிற்பதும் கைவிடாமல் இருப்பதும் ஒருசேர நடக்கும். தனிமைப்படுத்தல் என்ற நடைமுறையை எங்கள் பாட்டிகளிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேப்பிலை தொங்கியது எல்லாரும் எல்லாரையும் அறிந்த லயத்தில். ஐந்தாவது மாடியில் யார் குடியிருக்கிறார் என்று நான்காவது மாடிக்குத் தெரியாத அடுக்குமாடியில் கொடி பிடித்தால்தான் தெரியும்.

அந்தக் கொடிகளுக்குப் பதில் சொன்னவர்கள் யார்? கோயில் நிர்வாகங்கள் அன்னதானச் சமையலறையைத் திறந்தன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், இணையம் எட்டாத மாணவர் வீடுகளுக்குப் பயிற்சித்தாளை அச்செடுத்துக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்டு மளிகைச் சாமானும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். இளைஞர் இயக்கங்கள், குருத்துவாராக்கள், பக்கத்துக் கம்போங்கின் மலாய்க்காரர்கள், சீனக் கடைக்காரர்கள். மாநில அரசின் இந்திய சமூகத் தலைவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, பலருக்குக் காப்புறுதி இல்லை. சாலைத்தடுப்பில் போலீசாரிடம் காட்ட ஒரு கடிதத்துக்கே பலர் அலைந்தார்கள். பழைய டிரசர் செய்த வேலையை இவர்கள் செய்தார்கள், அவருக்கு இருந்த பதவி இல்லாமலேயே.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் மாநில அரசு 56 சட்டமன்றத் தொகுதிகளிலும் இலவசப் பரிசோதனை நடத்தியது. கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் புக்கிட் மெலாவாத்தி, ஈஜோக், ஜெராம் மூன்றுக்கும் முறை வந்தது. மத்திய அரசின் தடுப்பூசித் திட்டம் தொடக்கத்தில் தள்ளாடினாலும் ஜூலையில் வேகம் பிடித்தது. ஆகஸ்டு தொடக்கத்துக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஓர் ஊசியாவது போட்டுவிட்டார்கள். அக்டோபருக்குள் நாட்டின் பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்கு இரண்டு ஊசியும் முடிந்தது. பெரிய சாதனை. இதற்கு நடுவிலும் சிலாங்கூருக்கு எத்தனை ஊசி வந்தது என்பதில் மந்திரி பெசாரும் மத்தியில் தடுப்பூசிக்குப் பொறுப்பேற்றிருந்த கைரி ஜமாலுடினும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். மக்களுக்கு அந்த மோதலால் ஒரு பயனும் இல்லை.

மத்திய அரசு தனக்குத்தானே முரண்பட்ட இடமும் உண்டு. ஆவணம் இல்லாதவர்களும் அச்சமின்றி ஊசி போட வரலாம், பிடிக்கமாட்டோம் என்று 2021 பிப்ரவரியில் கைரி வாக்களித்தார். மே இறுதியில் உள்துறை அமைச்சர், ஆவணமற்றோர் மீது வேட்டை தொடரும் என்றார். முந்தைய ஆண்டு மே 1-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் முடக்கத்துக்கு நடுவே ஆவணமற்றோரை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோன காட்சியை யார் மறந்திருப்பார்? அவர்களில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்கிறார், காய்ச்சல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார வண்டி வரும் சத்தம் கேட்டால் அவர் வரிசைக்கு வருவாரா, செம்பனை வரிசைகளுக்குள் ஓடுவாரா? தோட்டத்தில் பிறந்து மைகார்ட் கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு வாழும் நம்மவர்களுக்கும் அதே நடுக்கம் உண்டு. வைரஸ் அடையாள அட்டை கேட்பதில்லை.

செம்பனைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2020 ஜூனில் அந்நியத் தொழிலாளர் வரவு நிறுத்தப்பட்டதால் குலை வெட்ட ஆளில்லை. 2021-இல் நாட்டின் கச்சா பாமாயில் உற்பத்தி 1 கோடியே 81 லட்சம் டன்னாகச் சரிந்தது. ஆனால் விலை அதே ஆண்டு அக்டோபரில் டன்னுக்கு 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதுவரை காணாத விலை. தோட்டங்களில் வாழ்ந்து, வேலை இழந்து, வாசலில் வெள்ளைத்துணி கட்டிய குடும்பங்களும், வரலாறு காணாத விலைக்கு விற்ற எண்ணெயும் ஒரே மண்ணில் ஒரே ஆண்டில் இருந்தன. 1930-களில் விலை இல்லை என்று சுகாதார வாரியத்தைக் கைவிட்டார்கள். விலை இருந்தபோது யாரும் அதை மீண்டும் எடுக்கவில்லை.

நாற்காலி

மும்பையின் தாராவியில் திருநெல்வேலித் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறார்கள். 2020 ஏப்ரலில் அங்கே தொற்று நுழைந்தபோது எல்லாரும் தலையில் கைவைத்தார்கள். மாநகராட்சி என்ன செய்தது? ஏற்கெனவே அந்தச் சந்துகளில் கிளினிக் வைத்திருந்த உள்ளூர்த் தனியார் மருத்துவர்களையே கவச உடை கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. தெரிந்த முகம் என்பதால் கதவு திறந்தது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மக்களிடம் ஏற்கெனவே நம்பிக்கை பெற்றவரைத் தேடி அரசாங்கம் போனது. அவருக்குப் பொறுப்பும் கருவியும் கொடுத்தது. இங்கே தன்னார்வலர் அரசாங்கத்தைத் தேடி அலைந்தார்.

2025 மே 20-ஆம் தேதி ஜெனீவாவில் உலகச் சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஒரு வாக்கும் எதிராக விழவில்லை. அரசின் எல்லாத் துறைகளும் சமூகத்தின் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று அதில் தனி ஒரு பிரிவே இருக்கிறது. கோலசிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர் சுல்கிப்ளி 2023 டிசம்பரில் மீண்டும் சுகாதார அமைச்சரானார். மத்தியிலும் மாநிலத்திலும் இப்போது ஒரே அணி. 2020-இல் இல்லாத வாய்ப்பு இது.

ஜெனீவாவில் ஒப்புக்கொண்டதை எங்கே செய்து காட்டுவது என்று தேட வேண்டியதில்லை. பேரிடர்களைக் கையாள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், சமூகநலம், பொதுப்பணி என்று துறைகள் உட்காரும் குழு. கோவிட் காலத்தில் உள்ளூர் முடிவுகள் இதன் வழியாகவே இறங்கின. அந்த மேசையில் தோட்டத்து மக்களுக்காக ஒருவர் உட்கார வேண்டும். கம்பெனியின் மேலாளரை அழைத்தால் போதாது. அவர் கம்பெனிக்குப் பேசுவார், அது அவர் வேலை. தோட்டத்திலேயே வாழும் ஒருவர், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, வாக்குரிமையோடு உட்கார வேண்டும். தோட்டங்களில் குடியிருக்கும் ஒவ்வொருவரின் பட்டியலும் வேண்டும். சம்பளப் பட்டியலில் இருப்பவர், இல்லாதவர், ஆவணம் உள்ளவர், இல்லாதவர் எல்லாரும். அந்தப் பட்டியல் சுகாதாரத் துறையிடம் மட்டும் இருக்கும், குடிநுழைவுத் துறைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும், அமைச்சர் மாறினாலும் மாறாத உறுதி. தொற்றுக் காலத்தில் வீடுவீடாகப் போகிறவருக்குப் படியும் காப்புறுதியும் வேண்டும். செலவுக்குச் செம்பனை விலையில் ஒரு சிறு பங்கு போதும். நூறாண்டுக்கு முன் கேட்டு மறுக்கப்பட்ட அதே வரிதான் இது, புதிதாக எதையும் கேட்கவில்லை.

2021 டிசம்பரில், கோவிட் களைப்பு தீரும் முன்னே, சிலாங்கூரைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அப்போதும் முதலில் படகோடு போனவர்கள் தன்னார்வலர்கள். அந்த மாவட்டக் குழுக்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஆயத்தம் பார்க்கின்றன. நோய்க்கு ஒரு குழு, வெள்ளத்துக்கு ஒரு குழு என்று தனித்தனியாகத் தேவையில்லை. தோட்டத்துப் பிரதிநிதியை உட்காரவைக்க நாடாளுமன்றத்தில் புதுச் சட்டமும் தேவையில்லை. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்ட அதிகாரிகள் மூவரும் இந்த ஆண்டின் ஆயத்தக் கூட்டத்துக்கே அழைப்புக் கடிதம் அனுப்பலாம். தோட்டங்களில் யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால், 2021-இல் வெள்ளைத்துணி கட்டிய வீடுகளில் கேட்டால் போதும். யார் வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.